எல்லையூரில் ஓர் இல்லறம்

சங்கத்து மலருக்குக் கட்டுரையொன்று வேண்டும் என நண்பர்கள் விடுத்த மடல் எங்கள் மேசைமேல் இரண்டு மாதம் கிடந்தது. இலக்கிய ஆராய்ச்சி எழுதும் புலமை எங்களுக்கு இல்லை. ஓர் இளங்கலைப் பட்டம், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை, கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய நடை இவையே கைம்முதல். ஆகவே அறிந்ததை எழுதுவோம் என்று துணிந்து, எங்கள் இல்லறத்தின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை எழுதலானோம். ‘எழுதலானோம்’ என்பது பணிவுக்காக இட்ட பன்மையன்று. எழுதியது கணவரின் கை; வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டு, வேண்டாதவற்றை அடிக்கச் செய்தது மனைவியின் வாய். அடிபட்டவற்றுள் பெரும்பாலானவை எழுதியவருக்குப் பெருமை சேர்த்த இடங்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

களியக்காவிளையைத் தாண்டி வடக்கே இரண்டு பர்லாங்கு நடந்தால் கடைப்பலகைகளின் எழுத்து மாறிவிடும். வேறொன்றும் மாறாது. அதே ரப்பர்த் தோட்டம், அதே மரச்சீனி விளை, அதே வாழை, அதே செம்மண் கையாலை. பேச்சுங்கூட உடனே மாறுவதில்லை. இப்பால் விளவங்கோட்டுத் தமிழில் மலையாளத்தின் இழுப்பு இருக்கும். அப்பால் பாறசாலை, உதியன்குளங்கரை, காரக்கோணம் முதலிய ஊர்களில் வயது முதிர்ந்த பெண்கள் தங்களுக்குள் தமிழிலேயே வழக்காடுவர். 1956 நவம்பர் முதல் நாள் வரை இவை யாவும் ஒரே திருவிதாங்கூரின் ஊர்கள். தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்று போராடியவர்கள் நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே கேட்டார்கள். அதற்காக 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தவர்களும் உண்டு. முடிவில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் இப்பால் வந்தன. நெய்யாற்றின்கரை அப்பால் நின்றது. மூன்றாண்டு கழிந்து, 1959இல், தென்னிந்தியத் திருச்சபையும் அதே கோட்டைப் பின்பற்றித் தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டு பேராயங்களாகப் பிரிந்தது. அரசு பிரிந்தால் ஆலயமும் பிரிய வேண்டுமோ என்று எங்கள் பாட்டிமார் கேட்டதுண்டாம். நிருவாக வசதி என்று யாரோ விடை சொல்லியிருப்பார்கள்.

எங்களில் கணவர் விளவங்கோட்டார்; மனைவி பாறசாலையார். 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் திருமணம். பெண்வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே ஏழு கிலோமீட்டர். ஆனாலும் இரண்டு மாநிலம், இரண்டு பேராயம். மாப்பிள்ளையின் சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். பெண்ணின் சபையில் அதையே ‘விளிச்சுச் சொல்லல்’ என்றார்கள். இரண்டு சபையாரும் சான்றுக் கடிதம் பரிமாறிக்கொண்டனர். கழுத்தில் கட்டுவது தாலியா மின்னா என்று பெரியவர்கள் ஒருநாள் முழுதும் பேசினர். தட்டானிடம் போனபோது அவர், இரண்டும் ஒரே எடைதான் என்று சொல்லி வழக்கை முடித்துவைத்தார்.

பாறசாலைத் தொடர்வண்டி நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாதை 1979இல் திறந்த நாள்முதல் இவ்வூர்களின் காலைப்பொழுது அந்த வண்டியைச் சார்ந்தது. தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று நின்று நின்று போகும் அவ்வண்டியில் சீசன் சீட்டு வைத்திருப்போர் ஒரு குடும்பம்போலப் பழகிவிடுவர். விடியற்காலம் பக்கத்து விளையில் ரப்பர் வெட்டுவோரின் தலைவிளக்கு மரத்துக்கு மரம் நகர்வது தெரியும். அதுவே எங்களுக்கு அலாரம். மனைவி எழுந்து முதல் வேலையாக உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுக்களை மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவார். பிடியரிசி. மாதக் கடைசியில் சபையிலிருந்து பெண்கள் வந்து கொண்டுபோவார்கள். மாதக் கடைசியில் எங்கள் அரிசிப் பானை வற்றி, அந்தக் கலயம் மட்டும் நிறைந்திருந்த காலையும் ஒன்றிரண்டு உண்டு. கலயத்தில் கைவைத்ததில்லை, அண்டை வீட்டில் ஒரு நாழி கடன் வாங்கியிருக்கிறோம்.

கணவரை அத்தான் என்று அழைப்பது விளவங்கோட்டு வழக்கம். பாறசாலையில் சேட்டன் என்பார்கள். மூத்த உடன்பிறந்தானுக்குரிய சொல்லால் மனைவி கணவரை அழைக்கிறாளே என்று மாப்பிள்ளையின் தாயார் முதல் மாதம் காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் மாதம், ‘உன் சேட்டன் சாப்பிட்டானா மக்களே?’ என்று அவரே கேட்கலானார்.

இனி, இரண்டு வேதப்புத்தகங்களின் கதை.

மாலையில் விளக்கு வைத்தபின் குடும்ப ஜெபம் நடத்துவது எங்கள் இரு வீட்டுக்கும் பழக்கம். கணவரிடம் தந்தையார் தந்த பழைய தமிழ் வேதம் இருந்தது. மனைவியிடம் திடப்படுத்தல் நாளில் பெற்ற மலையாள சத்தியவேத புஸ்தகம். அவருடைய பாட்டியார் தமிழில் வாசித்தவர். தாயார் இரண்டிலும் தட்டுத்தடுமாறியவர். மகளோ பள்ளி முதல் பட்டம் வரை மலையாளத்திலே படித்துத் தமிழெழுத்தைக் கூட்டி வாசிப்பவராக வந்துசேர்ந்தார். எல்லையூர்களில் தமிழ் இவ்வாறே மூன்று தலைமுறையில் வீட்டை விட்டு இறங்கிப் போகிறது. சங்கத்து மேடைகளில் இதற்காக வருந்துவது எளிது. படிக்கிற மொழியிலன்றோ வேலையும் கிடைக்கும்.

ஒருநாள் தமிழ், ஒருநாள் மலையாளம் என்று முறை வைத்துக்கொண்டோம். இருவருக்கும் இரண்டும் விளங்கும், விளங்காததன்று சிக்கல். மனைவி இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மலையாளத்தில் வாசிக்கும்போது அமைதியான ‘வெள்ளம்’ வரும். வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர் என்பது விளவங்கோட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் செவிக்கு அந்த அறிவு உதவுவதில்லை. தாமிரபரணி பெருகி வாழையைச் சாய்த்துக்கொண்டு போவதே கணவரின் மனத்தில் எழும். அறிந்த மொழி வேறு, அழும் மொழி வேறு என்று அப்போது கண்டோம்.

பாட்டில் மட்டும் இந்தத் தகராறு எழவில்லை. நெய்யாற்றின்கரைக்கு அடுத்த திருப்புறத்தில் 1847இல் பிறந்து 1916இல் மறைந்த மோசவத்சலம் சாஸ்திரியார் மலையாளத்தில் இயற்றிய கீர்த்தனங்களைக் கேரளத்துச் சபைகள் பலவும் இன்றும் பாடுகின்றன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளில் ஊறிய தமிழ்ச் செவிக்கு அவர் பாடல்களில் அந்நியம் என்பதே தோன்றாது. இராகமும் தாளமும் எல்லைக்கல்லை மதிப்பதில்லை. நாங்கள் இருவரும் குரல்வளம் அற்றவர்கள். ஆயினும் ஞாயிறு மாலைகளில் உரக்கவே பாடினோம். அடுத்த வீட்டார் பொறுமைசாலிகள்.

திருமணத்தின்போது மனைவிக்கு அவர் தந்தையார் இட்ட பொன்னில் ஆறு பவுன் சங்கிலியொன்று முதன்மையானது. அவர் பிறர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி மகளை வளர்த்தவர். வரதட்சிணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிரசங்க பீடத்திலிருந்தும் அதைக் கண்டித்துப் பேசக் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து, மாமரத்தடியில் நின்று எத்தனை பவுன் என்று பேசியதும் நாங்களே. எங்கள் வீட்டுக்கு அந்தச் சங்கிலி அவ்வழியேதான் வந்தது. இந்த வாக்கியத்தை அடிக்க வேண்டாம் என்றார் மனைவி.

2007ஆம் ஆண்டின் கடைசியில் கணவரின் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பேசிய பணத்தில் முப்பதாயிரம் குறைந்தது. மாப்பிள்ளை வீட்டார் பொறுக்க மாட்டார்கள் என்று வயதான தந்தையார் வாசலில் உட்கார்ந்து அழுதார். கணவர் ஒரு சனிக்கிழமை, மனைவி தாய்வீடு போயிருந்த வேளையில், அலமாரியைத் திறந்து சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்க் களியக்காவிளையில் அடகு வைத்தார். வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு. அடகுச் சீட்டை அலுவலக மேசை இழுப்பறையில் ஒளித்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரே, ஏன் கேட்கவில்லை? இதற்கு அன்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட சமாதானம் வெட்கத்துக்குரியது. திருமண ஆராதனையில் இருவரும் ஒரே மாம்சம் என்று வாசிக்கப்பட்டதே, மாம்சம் ஒன்றாயின் சங்கிலி மட்டும் இரண்டாகுமா என்பது அது. தங்கள் வசதிக்கு வசனம் தேடுவோர் யாவர்க்கும் வசனம் அகப்பட்டுவிடுகிறது.

அடுத்த சனவரியில் மனைவியின் சிற்றப்பன் மகளுக்குத் திருமணம். புறப்படும் காலையில் அலமாரி திறந்தது. கூச்சல் ஒன்றும் எழவில்லை. ‘சேட்டா, எங்கே வைத்திருக்கிறீர்கள்?’ என்ற ஒரு கேள்வி, ஒரு விடை. அதன்பின் அவர் முத்துமாலை ஒன்றை அணிந்துகொண்டு வந்தார். விருந்துப் பந்தலில் சங்கிலி எங்கே என்று தாயார் கேட்டதற்கு, பட்டணத்தில் அறுத்துக்கொண்டு போகிறார்கள், போடப் பயமாக இருக்கிறது என்று மகள் சொன்னது கணவரின் காதிலும் விழுந்தது. பொய் பேசி அறியாதவர் தம்பொருட்டுப் பொய் பேசுகிறார் என்பதைக் கேட்டுக்கொண்டு கணவர் வாழையிலைமுன் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆண்டு லெந்து நாட்கள் முன்கூட்டியே வந்தன. பெப்ருவரி ஆறாம் நாள் சாம்பல் புதன். வீட்டில் எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. சோறு வெந்தது, பிடியரிசி கலயத்தில் விழுந்தது, காலை வண்டிக்குப் பொதிச்சோறு தயாராயிற்று. மாலை ஜெபமும் தவறவில்லை. கர்த்தருடைய ஜெபத்தில் மட்டும் ஒரு மாறுதல். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் உள்ளபடியே இருவரும் சேர்ந்து, அவரவர் மொழியில், ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். கடனை மன்னிக்கக் கேட்கும் இடம் வரும்போது மனைவியின் குரல் நின்றுவிடும். கணவரின் குரல் தனியே அந்த வரியைக் கடந்து போகும். அடுத்த வரியில் மனைவியின் குரல் வந்து சேர்ந்துகொள்ளும். முதல் நாள் இருமல் என்று எண்ணினார். மூன்றாம் நாள் புரிந்தது. பேசாமல் இருக்கும் மனைவியோடு வாழ்ந்தவர்கள் உண்டு; எல்லாம் பேசி, ஒரு வரியை மட்டும் பேசாத மனைவியோடு ஆறு வாரம் வாழ்வது எளிதன்று.

தமிழ் வேதத்திலும் மலையாள வேதத்திலும் அந்த இடத்தில் நிற்பது ஒரே திராவிடச் சொல்: கடன், அவர்கள் வழக்கில் கடம். ஆங்கில வழிபாட்டு நூல்களைப் பின்பற்றிச் சில சபைகளில் குற்றம் என்று மாற்றிச் சொல்வதுண்டு. குற்றம் என்றிருந்தால் ஒருவேளை நாங்கள் தப்பியிருப்போம். கடன் என்றது, வீட்டில் உண்மையாகவே ஒரு கடன் இருந்தது, அதற்குச் சீட்டும் இருந்தது.

பெரிய வியாழன் இரவு. ஆலயத்தில் இராப்போஜன ஆராதனை முடிந்து திரும்பியிருந்தோம். மறுநாளை நாங்கள் பெரிய வெள்ளி என்போம். அவர்கள் துக்கவெள்ளி என்பார்கள். கணவர் அடகுச் சீட்டை எடுத்து மலையாள வேதத்தின்மேல் வைத்தார். மன்னித்துவிடு என்றார். மனைவி சீட்டை எடுத்துத் தேதி, தொகை, வட்டி யாவற்றையும் வாசித்தார். பிறகு சொன்னதை அவர் சொன்னவாறே தமிழாக்கித் தருகிறோம்.

‘உங்கள் புத்தகத்தில் மன்னிக்க வேண்டும் என்று இருக்கிறது. என் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை. விட்டுத்தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. விட்டுத்தர வேண்டுமானால் அது முதலில் என் கையில் இருக்க வேண்டாமா? என் கையிலிருந்து கேளாமல் எடுத்துக்கொண்டதை நான் எப்படி விட்டுத்தருவேன்?’

கணவருக்கு மறுமொழி தெரியவில்லை. எழுத்தர் என்ற முறையில் பதிலில்லாக் கடிதங்கள் பல கண்டவர். இது அவ்வகையைச் சேர்ந்தது. இரண்டு புத்தகங்களையும் விளக்கடியில் விரித்து வைத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரியே. மூலமொழியில் எச்சொல் எப்பொருளில் நிற்கிறது என்பதை வேதசாத்திரிகள் ஆய்க. எங்கள் வீட்டில் அன்றிரவு மலையாள மொழிபெயர்ப்பே கணக்குக்கு ஒத்து வந்தது.

மறுநாள்முதல் கடன் இருவருக்கும் பொதுவாயிற்று. மனைவி குறிப்பேடு ஒன்றில் கோடு கிழித்து வட்டி எழுதினார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் நிலையத்து வடையையும் தேநீரையும் நிறுத்தினார்; அதனால் மிச்சமானது அதிகமில்லை, ஆயினும் குறிப்பேட்டில் அதற்கும் ஒரு பத்தி இருந்தது. அந்த வரி மட்டும் இன்னும் மௌனமாகவே கழிந்தது. கணவரும் அதை மெல்லிய குரலில் சொல்லப் பழகினார்.

2008 ஆகஸ்டில் ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்தன. 2006 சனவரி முதல் கணக்கிட்ட நிலுவையில் நூற்றுக்கு நாற்பது அவ்வாண்டும், மீதி அறுபது அடுத்த ஆண்டும் என்று ஆணை. மத்திய அரசு ஊழியர் பலர் அந்த நாற்பதைக் கொண்டு வண்ணத் தொலைக்காட்சியும் இருசக்கர வண்டியும் வாங்கினர். நாங்கள் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை களியக்காவிளைக்கு இருவருமாகப் போனோம். கடைக்காரர் உறையைப் பிரித்துத் தட்டில் சங்கிலியை இட்டபோது, கணவர் எடுக்கவில்லை. மனைவியே எடுத்து, கொக்கியைச் சரிபார்த்து, அங்கேயே அணிந்துகொண்டார். அன்று மாலை ஜெபத்தில் அந்த வரியில் இரண்டு குரல் கேட்டது. அதைப் பற்றி அன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இதை ஏன் இத்தனை விரித்தோம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2022 மே 15ஆம் நாள் வத்திக்கானில் தேவசகாயம் பிள்ளையைப் புனிதராக அறிவித்தார்கள். இந்தியாவின் பொதுநிலையினருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவர். அவர் பிறந்த நட்டாலம் எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்தில் உள்ளது. நாங்கள் கத்தோலிக்கர் அல்லோம்; எனினும் நம் ஊரார் ஒருவர் என்ற உரிமையில் அடுத்த மாதம் அங்கே போயிருந்தோம். 1712இல் நீலகண்டனாகப் பிறந்து, அரண்மனைப் பணியில் இருந்து, குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுக்காரர் டிலனாயிடம் கிறித்துவைப் பற்றிக் கேட்டறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அரச தண்டனையாக எருமைமேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழுக்கப்பட்டு, 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். அன்று அரசாண்ட மார்த்தாண்டவர்மர் தம் இளமையில் பகைவருக்கு ஒளிந்த பலாமரப் பொந்து என்று நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் ஒன்றைக் காட்டுகிறார்கள். அம்மச்சிப் பிலாவு என்பது அதன் பெயர். ஒளிந்து பிழைத்தவரே பின்னர் ஒருவரை ஒளியவிடவில்லை போலும்.

கூட்டம் பெரிது. மனைவி படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, ‘இவர் வீட்டுக்காரி என்ன ஆனார்?’ என்று கேட்டார். பார்கவி என்பது பெயர். கணவர் எடுத்துச் சொல்ல, அவரும் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்னும் பெயர் கொண்டார். கணவருக்குப் பின்னும் வாழ்ந்து, வடக்கன்குளத்திலேயே மறைந்தார் என்று கணவர் தாம் படித்ததைச் சொன்னார். மனைவி சிறிது நேரம் பேசாமல் நடந்தார்.

‘எருமைமேல் ஏறினவருக்கு ஊரெல்லாம் சாட்சி. வீட்டில் இருந்தவள் அத்தனை ஆண்டும் அடுப்பு மூட்டியிருப்பாளே’ என்றார்.

திரும்பும் பேருந்தில் களியக்காவிளை வரை அதே பேச்சு. அவரிடம் சம்மதம் கேட்டிருப்பார்களா என்பது மனைவியின் ஐயம். கேட்டிருப்பார் என்றார் கணவர். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார் மனைவி. இஞ்சிவிளை வந்துவிட்டது, இறங்கி மீன் வாங்கினோம்.

எங்கள் மகள் இப்போது பாறசாலையில் படிக்கிறாள். மலையாளத்தில் வாசித்து, தமிழில் பாடி, இரண்டும் கலந்து ஜெபிக்கிறாள். வெள்ளம் என்றால் அவளுக்குத் தண்ணீர்தான். தாமிரபரணி நினைவுக்கு வருவதில்லையாம். அவளுக்குத் தமிழெழுத்துக் கற்பிக்கும் பொறுப்பைத் தாயார் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதற்காகத் தாமும் சரளமாக வாசிக்கக் கற்றுக்கொண்டார். இக்கட்டுரையின் கைப்படியில் இரண்டு சந்திப்பிழை திருத்தியவர் அவரே.

அந்தச் சங்கிலி அதன்பின் இரண்டு முறை அடகுக்குப் போயிற்று. 2011இல் நான்கு செண்டு நிலத்துக்கு முன்பணம் கொடுக்க ஒருமுறை. 2019இல் மேற்கூரை மாற்ற ஒருமுறை. இரண்டு தடவையும் இருவரும் சேர்ந்தே போனோம். தட்டில் வைத்தவர் மனைவி; கையெழுத்திட்டவர் கணவர். மீட்கும்வரை சீட்டு மலையாள வேதத்தில், மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருந்தது.